சிரட்டைச் சவுக்காரம்

துணி சோப்பை வீட்டிலேயே செய்தால் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று போன வாரம் என் மருமகள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். யாரோ ஒரு பெண் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் வாளியில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். "பாருங்கத்தே, எவ்வளவு சுலபம்!" என்றாள். பார்த்தேன். எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கிழவிக்கு எதைக் காட்டினாலும் பிடிக்காது என்று என் மகனிடம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். என்னிடமா சோப்புச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறாள்! அவளிடம் சொல்லி விளங்கவைக்க முடியாததை என் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கென்றால் பாதி சொன்னாலே மீதி விளங்கிவிடும்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. சீனியைக் கண்ணால் பார்த்தாலே பண்டிகை. தூத்துக்குடியில் கப்பல் வரத்துக் குறைந்துபோய், தோணிக்காரர்கள் கடற்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சங்குக் கிட்டங்கியில் வேலை. முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, சங்கு குளிப்புதான் எங்கள் தெருவுக்குச் சோறு போட்டது. அந்தச் சங்கைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட முடியாமல் கிட்டங்கியில் குவித்து வைத்திருந்தார்கள். சதை அழுகி நாறும் அந்தக் குவியலுக்குள் நாளெல்லாம் நின்றுவிட்டு அப்பா வருவார். சட்டையைக் கழற்றினால் கொல்லையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து போய்விடும். நான் மிகைப்படுத்தவில்லை. அந்தத் தெருவில் பிறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

அப்பாவுக்குப் பாதிச் சம்பளம்தான் என்றார்கள். வீட்டில் எதை நிறுத்தலாம் என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தப்பா வந்து சேர்ந்தார். கொழும்பில் குண்டு விழுந்ததும் ஒரு தகரப்பெட்டியோடு ஓடிவந்தவர். அங்கே சோப்புச் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார். சோப்பு என்று சொல்ல மாட்டார். 'சவர்க்காரம்' என்பார், கொழும்புக்காரர்கள் மாதிரி. நாங்கள் சவுக்காரம் என்போம். "நீங்க சவரம் பண்ணவா சொல்லுதிய, குளிக்கவா சொல்லுதிய?" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

"மதினி, கடைச் சோப்புக்குக் குடுக்க காச ஏன் கடல்ல போடுதிய? நான் செஞ்சு தாரேன்" என்றார் சித்தப்பா ஒருநாள்.

"நீங்க செஞ்சு, நான் துவைச்சு, கிழிஞ்சா யாரு வாங்கித் தருவா?" என்றாள் அம்மா. ஆனால் அவள் கண் மின்னிவிட்டது. அம்மாவுக்கு மிச்சம் பிடிப்பது என்றால் பாயசம்.

உப்பளத்து ஓரமெல்லாம் உமரிச் செடி மண்டிக் கிடக்கும். தண்டு தண்டாக, கிள்ளினால் உப்புத் தண்ணீர் வடியும். அதை அறுத்துக் காயவைத்துச் சுட்டுச் சாம்பலாக்கினார் சித்தப்பா. கிட்டங்கியில் கழித்துப்போட்ட சங்குச் சில்லுகளைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக்கொண்டார். சாம்பலையும் சுண்ணாம்பையும் மண்பானைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் மேலே காரத்தண்ணீர் நிற்கும். பார்க்கக் குடிதண்ணீர் மாதிரிதான் இருக்கும், விரலை விட்டால் தோல் உரிந்துவிடும். பதம் பார்க்க ஒரு கோழிமுட்டையை மிதக்கவிடுவார். முட்டையின் நெற்றி மட்டும் வெளியே தெரிந்தால் சரி. எண்ணெய்க்குச் செக்கடியில் கிடைக்கும் தேங்காயெண்ணெய்க் கசடு. அதைச் சூடாக்கி, காரத்தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தடவை கூழாகப் போயிற்று. அடுத்த தடவை அப்பாவின் வேட்டியில் ஓட்டை விழுந்தது. "கொழும்புல ஒன்னய ஏன் விரட்டினானுவன்னு இப்பம்லா தெரியுது" என்றார் அப்பா. அதற்கடுத்த தடவை கூடி வந்தது. ஊற்றிவைக்க அச்சு இல்லை. அம்மாதான் தேங்காய்ச் சிரட்டைகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். இறுகியதும் தட்டினால் இட்லி மாதிரி பொத்தென்று விழும். மஞ்சள் கலந்த வெள்ளை, உச்சியில் சிரட்டையின் குழி பதிந்திருக்கும். நிழலில் உலர்த்தி வைத்தால், பழையதாக ஆக ஆக நுரை கூடும். அந்த வாசனையை நான் எப்படிச் சொல்ல? எண்ணெய்ச் சிக்கும் சுண்ணாம்பும் கலந்த வாசனை. அப்பா சட்டையின் சங்கு நாற்றத்தையே அடித்து விரட்டிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா துவைத்து விரித்த வேட்டியை அப்பா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கொக்கு மாதிரில்லா இருக்கு!" என்றார். அம்மாவை அவர் எதற்கும் பாராட்டி நான் கேட்டதில்லை. அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே.

அன்றாடத் துணியை வீட்டில் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டாலும், மற்றதை வெளுக்க எங்கள் தெருவுக்கு ஒருத்தி உண்டு. அந்தக் காலத்தில் சாதிப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். என்னைப் போன்ற பொடிசுகள்கூட அவளை வா போ என்போம். இப்போது எழுதக் கை கூசுகிறது. வெளுப்புக்காரி என்றே எழுதிக்கொள்கிறேன். புருஷன் பர்மாவுக்குப் போனவன், யுத்தத்தில் என்ன ஆனான் என்று தகவல் இல்லை. ஒரே ஒரு மகள், என் வயது. வெளுப்புக்காரிக்கு வாய் நீளம். துணி மூட்டையை அவிழ்த்ததும் வீட்டு ரகசியமெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். "என்ன தாயி, அய்யா கள்ளுக்கடப் பக்கம் போனாவளோ, சட்டையில வாசம் தூக்குது?" என்று உரக்கக் கேட்பாள். அம்மா அவள் வாயைப் பொத்த ஓடுவாள்.

காலையில் வந்து, கொல்லைக் கதவைத் தட்டி, "அழுக்கு இருக்கா தாயி?" என்பாள். துணி என்று சொல்லும் வழக்கமில்லை, அழுக்குத்தான். அழுக்கெடுத்துப் போனால் பொழுதடையும் நேரம் பானையோடு வந்து சோறு வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அகப்பைச் சோறு, மேலே குழம்பு. எல்லா வீட்டுக் குழம்பும் ஒரே பானையில் கலந்து அவளுக்கும் மகளுக்கும் அன்றைய சாப்பாடு ஆகும். வெளுப்புக்குக் கூலி அதுதான். அறுப்புக் காலத்தில் கொஞ்சம் நெல் கிடைக்கும். காசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பெண் ஆளானாலோ, பிள்ளை பிறந்தாலோ, சாவு விழுந்தாலோ, வெளுத்த துணி அவள் கையால்தான் வர வேண்டும். மாத்து என்போம். ஆளான பெண் அவள் தரும் மாத்தைத்தான் உடுத்த வேண்டும். பிணத்துக்கு மேல் போர்த்துவதும் அவள் கொண்டுவரும் மாத்துத்தான். அதற்கென்று அவளிடம் தனியாகத் துணி ஏது? எந்த வீட்டு வெளுப்பு அன்று அவள் கையில் இருக்கிறதோ அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டுப் புடவை பக்கத்துத் தெருச் சாவுக்குப் போய்த் திரும்ப வெளுத்து வரும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

அவள் மகளும் அப்படித்தான் உடுத்துவாள். ஒரு கொடைத் திருவிழா நாளில் என் ஊதாப் பாவாடையைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவளுடைய அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவும் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும். சிரட்டைச் சவுக்காரம் கூடிவந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. அம்மா செலவை மிச்சம் பிடிக்கத்தான் வெளுப்புக்குத் துணி போடுவதை நிறுத்தினாள் என்று வீட்டில் சொல்வார்கள். பாவாடைக்கும் அதில் பங்கு உண்டு என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

"அழுக்கு இருக்கா தாயி?"

"இல்லளா. எங்க வீட்டுல இனி அழுக்கு இல்ல" என்றாள் அம்மா. எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா! கொடியில் காயும் வேட்டிகள் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்.

வெளுப்புக்காரி கொடியைப் பார்த்தாள். வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கந்தல் கிந்தல் எதாவது? விரிப்பு?"

"எல்லாம் தொவச்சாச்சு. சாயந்தரம் வந்து சோத்த வாங்கிட்டுப் போ. துணி இல்லேன்னா சோறு இல்லன்னா சொல்லுதேன்?"

"அதெப்படி தாயி? அழுக்கெடுத்தா சோறு. அழுக்கெடுக்காம வாங்கினா அது பிச்சல்லா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "அம்புட்டு ரோசமா ஒனக்கு? அப்பம் போ" என்று கதவைச் சாத்தினாள்.

எங்கள் ஒரு வீட்டோடு நின்றிருந்தால் அவளுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் கொடியில் காய்ந்த வெளுப்பைத் தெருவே பார்த்தது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "மதினி, எங்களுக்கும் சொல்லித் தாங்க", "எக்கா, முட்டை எம்புட்டு மிதக்கணும்?" அம்மா ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தெரியாத மனுஷி. தன் கையாலேயே கிண்டிக் காட்டினாள், சிரட்டை கொடுத்தாள், சித்தப்பாவை வீடு வீடாக அனுப்பினாள். பஞ்ச காலத்தில் தெருவுக்கே மிச்சம் பிடித்துக் கொடுத்தவள் என்று எல்லாரும் அவளைத் தலையில் வைத்து ஆடினார்கள். அம்மா அத்தனை சந்தோஷமாக இருந்த நாட்கள் அவள் ஆயுசில் வேறு இல்லை. தெருவில் எந்த வீட்டுக் கொல்லையைப் பார்த்தாலும் சிரட்டைகள் கவிழ்த்து வைத்திருக்கும்.

வெளுப்புக்காரி தினமும் காலையில் வந்தாள். ஒவ்வொரு கொல்லைக் கதவாகத் தட்டினாள். "அழுக்கு இருக்கா?" "இல்லளா." அடுத்த கதவு. அவள் வாய் மட்டும் குறையவில்லை. "ஊர்ல எல்லாரும் புண்ணியவாளன் ஆயிட்டிய, அழுக்கே இல்லங்கிய" என்று சிரிப்பாள். மூட்டை கட்டும் துணி அவள் தோளில் வெறுமனே தொங்கும்.

ஒருநாள் மத்தியானம் அவள் மகள் மட்டும் வந்தாள். கொல்லையில் நான் தனியாக விளையாடிக்கொண்டிருந்தேன். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர எதுவும் கேட்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, உள்ளே போய் வாழையிலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றாள். பாதி தின்னும்போது வெளுப்புக்காரி வந்துவிட்டாள். மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்து முதுகில் சாத்து சாத்து என்று சாத்தினாள். "எரந்து திங்கியாட்டி மூதி? எரந்து திங்கவா ஒன்னயப் பெத்தேன்?" மிச்சச் சோற்றை இலையோடு மடித்து எங்கள் வாசலில் வைத்தாள். "எம்பிள்ளய பிச்சக்காரி ஆக்காதிய தாயி. ஒரு கோவணத்துணி போடுங்க, போதும். வெளுத்துத் தந்துட்டு தலை நிமிந்து வாங்கிக்கிடுதேன்."

ஒரு துணி. ஏதாவது ஒன்று. கொடியில் காயும் வேட்டியை எடுத்து மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுத்திருக்கலாம். அம்மாவுக்கு அது தோன்றவில்லை. வெளுத்ததை அழுக்காக்குவதா? அவளால் கனவிலும் முடியாது. "சோறு போட்டவள வையுதா பாரு. திமிரு" என்றாள் அப்பாவிடம். "பசிச்சா தன்னால வருவா" என்றார் அப்பா. என் அப்பா கெட்டவர் இல்லை. பசியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெளுப்புக்காரியையும் நான் சும்மா விடமாட்டேன். பிள்ளை வாயில் போன சோற்றைப் பிடுங்குகிற ரோசம் என்ன ரோசம் என்று அவள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். வந்த வேகத்தில் அழுகையும் வரும்.

பிறகு அவள் வரவில்லை. எப்போது நின்றாள் என்று கேட்டால் தெருவில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. வெளுக்கிறவள் வராதது கண்ணில் படாத அளவுக்கு எல்லார் வீட்டிலும் வெளுப்பு இருந்தது.

மழையெல்லாம் ஓய்ந்த பிறகு அக்கா ஆளானாள். தாய்மாமன் ஓலை கொண்டுவந்து கொல்லையில் குச்சு கட்டினார். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சாமான்களோடு வந்து இறங்கினாள். சடங்கெல்லாம் அவள் சொல்படிதான்.

"மாத்து எங்க?" என்றாள்.

அம்மா பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். அத்தை வாங்கவில்லை. "இது நீ தொவச்சதுல்லா? ஒன் வீட்டுத் துணிய நீயே வெளுத்து நீயே குடுத்தா அது மாத்தா? கூறு கெட்டவளே, அவளக் கூப்புடு."

கூப்பிட அவள் எங்கே? சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் அவள் உப்புச் சுமக்கிறாள் என்று யாரோ சொல்லி, தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். வந்தவளைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தது. காலெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

"மாத்து கொண்டாந்தியாட்டி?" என்றாள் அத்தை.

"எந்த வீட்டு வெளுப்பு எங்கையில கெடக்கு, கொண்டாரதுக்கு?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை.

கடைசியில் அம்மாவின் புடவையையே அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கிணற்றடியில் ஒரு தரம் நனைத்துப் பிழிந்து, உதறிக் காயவைத்து, மடித்துக் கையால் எடுத்துக் கொடுத்தாள். சாஸ்திரம் நிறைவேறியது. அக்கா அதை உடுத்தினாள். பெண்கள் குலவை போட்டார்கள். உளுந்தங்களி கிண்டும் வாசனை தெருவையே தூக்கியது.

மாத்துக் கொடுத்தவளுக்குச் சோறும் பலகாரமும் கொடுப்பது முறை. அவள் உரிமை அது, பிச்சை இல்லை. அம்மா ஓடி ஓடி எடுத்துவைத்தாள். பெரிய பானை நிறையச் சோறு, தூக்கு நிறையக் குழம்பு, களி, முறுக்கு. இத்தனை நாள் சாத்திய கதவுக்கெல்லாம் சேர்த்து அன்றைக்கே போட்டுவிடப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

வெளுப்புக்காரி பானையைப் பார்த்தாள். சோற்றை அள்ளி அள்ளித் திரும்பச் சட்டியில் போட்டாள். அடியில் கொஞ்சம் நின்றதும் நிறுத்தினாள்.

"ஒராளுக்கு இது போதும் தாயி."

"ஏன்ளா? பிள்ளைக்கும் சேத்துத்தானே வச்சேன்?"

"பிள்ள இல்லல்லா."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "எங்க அனுப்பிட்ட?"

"ஐப்பசியில செத்துப்போச்சு. காய்ச்ச. ஒடம்புல தெம்பு இருந்தா தாங்கியிருக்கும்னு வைத்தியரு சொன்னாரு. தெம்புக்கு எங்க போக?" அவள் பானையின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பேசினாள். "ஊர்ல விழுந்த அம்புட்டுச் சாவுக்கும் மாத்துக் குடுத்த கை இது தாயி. எம்பிள்ள மேல போத்த எங்கிட்ட ஒரு துணி இல்ல. ஒரு வீட்டு அழுக்கு கெடந்திருந்தாலும் வெளுத்துப் போத்தியிருப்பேன். உப்புச்சாக்க அவுத்துப் போத்தித்தான் கொண்டு போனேன்."

குலவை நின்றுவிட்டது. வெளுப்புக்காரி குச்சுப் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்து, "மகராசியா இரு" என்றாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போனாள். நாங்கள் யாரும் அவளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் சோறு குடுத்தேம்லா? நீ பாத்தேல்லா? அவ பிள்ளைக்கு எல போட்டுக் குடுத்தேம்லா?"

"குடுத்திய" என்றேன். பொய் இல்லையே.

அதிலிருந்து அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மீன்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, "நான் சோறு இல்லன்னா சொன்னேன்?" என்பாள். மீன்காரி முழிப்பாள். அக்கா கல்யாணப் பந்தியில் கேட்டாள். அப்பா செத்த வீட்டில், துக்கம் கேட்க வந்தவர்களிடம் கேட்டாள். நாங்கள் எல்லாரும், "குடுத்திய, குடுத்திய" என்று சொல்லிப் பழகிப்போனோம்.

கடைசியாக ஆசுபத்திரியில் கிடந்தபோது என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பேச்சும் குழறியது. "சோறு... சோறு குடு..." என்பதுவரைதான் வந்தது, மீதி நாக்கில் நின்றுவிட்டது. அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண், நல்ல பெண். "பாட்டிக்குப் பசிக்குது போல" என்று ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் குழையக் கரைத்த சோறு கொண்டுவந்தாள். ஒரு கரண்டி எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தரம் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஏன் பாட்டி, நீங்கதான கேட்டீங்க?" என்றாள் அந்தப் பெண். நான் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.